குழந்தைக்கு முன் ஒரு வீடு: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இரண்டில் ஒன்றை முடிவு செய்வது எப்படி?

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், கையில் கொஞ்சம் சேமிப்பு, நகையை வைத்தால் இன்னும் கொஞ்சம், அப்பா ஒரு தொகை தருகிறேன் என்கிறார். குழந்தை பிறப்பதற்குள் சொந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று தேட ஆரம்பித்து, கடைசியில் இரண்டு வீட்டில் வந்து நிற்கிறீர்கள். நம்ம பக்கம் அந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி ஜோடிதான். ஒன்று டவுனுக்குள், குமாரசாமிப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருவில், சின்ன மனையில் பழைய வீடு. இன்னொன்று அதியமான்கோட்டைப் பக்கமோ, கிருஷ்ணகிரி என்றால் பைபாஸைத் தாண்டியோ, புது லேஅவுட்டில் டைல்ஸ் பளபளக்கிற இரண்டு பெட்ரூம் வீடு. விலை வித்தியாசம் ரொம்ப இருக்காது, அதனால்தான் குழப்பமே.

இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கரோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். கூட வந்த மாமாவும் சித்தப்பாவும் வாசல் திசையைப் பார்த்திருப்பார்கள், கார் நிற்குமா என்று பார்த்திருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் கைக்குழந்தையோடு பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறவரைக் கேட்டு யாரும் அந்த வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். கீழே சொல்லியிருப்பது எல்லாமே அவர் பக்கம் நின்று பார்க்கிற பார்வை. பெரும்பாலும் மனைவி, சில வீடுகளில் மாமியாரோ அம்மாவோ.

முதலில் காலக்கணக்கு

வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது நிலை வைக்கக் கூடாது, கிரகப்பிரவேசம் செய்யக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் பெரியவர்கள் அதில் உறுதியாக நின்றுவிட்டால் கிரையம் முடிந்த வீடு ஒரு வருடம் பூட்டிக் கிடக்கும், நீங்கள் வாடகையும் ஈஎம்ஐயும் சேர்த்துக் கட்டுவீர்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற பெண்ணை பெயிண்ட் வாசனைக்கும் சிமெண்ட் தூசிக்கும் நடுவில் குடிவைப்பது அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் நல்லதில்லை.

அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். பத்திரம் பார்க்க, வங்கிக் கடன் வர, பதிவு முடிய, பட்டாவும் மின் இணைப்பும் பெயர் மாற, பழைய வீடாக இருந்தால் பூச்சு, குழாய் வேலை முடிய என்று எல்லாம் சேர்த்து குறைந்தது ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற வழக்கமும் உண்டு: வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ போனால், குழந்தைக்கு மூன்று அல்லது ஐந்து மாதம் ஆன பிறகுதான் திரும்பி வருவார். ஆக இந்த வீடு நிஜமாகச் சோதனைக்கு வருவது குழந்தை குப்புற விழுந்து தவழ ஆரம்பிக்கிற காலத்தில். தொட்டிலை எங்கே கட்டுவது என்று பார்க்கிறவர்கள் அதிகம், தவழ்கிற குழந்தைக்கு இந்த வீடு எப்படி என்று பார்ப்பவர்கள் குறைவு.

தண்ணீர், அதுவும் ஃப்ளோரைடு

வேறு மாவட்டத்துக்காரர்கள் இதைக் கடைசியில் எழுதுவார்கள். நாம் முதலில் எழுதியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். நம்ம பாறையிலேயே அது இருக்கிறது, பாறை இடுக்கில் ரொம்ப காலம் தங்கிய தண்ணீரில் கரைந்து வருகிறது. "தண்ணிக்குப் பிரச்சினையே இல்லீங்க, எண்ணூறு அடி போர் போட்டிருக்குங்க" என்று புரோக்கர் சொன்னால் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அது குழந்தைக்குக் கொடுக்கிற தண்ணீரா என்பது வேறு கேள்வி.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டு, மஞ்சள், பழுப்புக் கறை, ரொம்ப அதிகமாக இருந்தால் பின்னாளில் மூட்டும் எலும்பும். பல் கறை பெரியவர்களுக்குப் புதிதாக வராது. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில், அதாவது பிறந்ததிலிருந்து சுமார் எட்டு வயது வரை குடிக்கிற தண்ணீர்தான் அதைத் தீர்மானிக்கிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று வருடம் ரொம்ப முக்கியம். நீங்கள் இப்போது வாங்குகிற வீட்டில் உங்கள் குழந்தை இருக்கப்போவது அந்த வருடங்களில்தானே. வந்த கறை பிரஷ்ஷால் போகாது.

இனி செய்ய வேண்டியது. இரண்டு வீட்டிலும் சமையலறைக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தா? ஜப்பான் நிதியுதவியோடு வந்து 2013-ல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீரைக் கொடுப்பதற்கே ஃப்ளோரைடுதான் காரணம், அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் வருகிற பல், எலும்புப் பாதிப்பு) தடுப்பும் சேர்ந்திருக்கிறது. ஆனால் திட்டம் இருப்பது வேறு, உங்கள் தெருவுக்குக் குழாய் வந்திருப்பது வேறு, வந்த குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்பது அதைவிட வேறு. விற்கிறவரைக் கேட்காதீர்கள். எதிர் வீட்டில் குடம் கழுவுகிற அக்காவைக் கேளுங்கள், கிழமை உட்படச் சொல்லிவிடுவார்.

புது லேஅவுட்டில் இங்கேதான் அடிபடும். மனை போட்டவர் ஒரு போர் போட்டு எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்திருப்பார், உள்ளாட்சிக் குழாய் "வந்துடும்ங்க" என்ற நிலையில் இருக்கும். அந்த வார்த்தைக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

தண்ணீரைச் சோதித்தே ஆகவேண்டும். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கட்டணம் கட்டினால் அறிக்கை தருவார்கள். ஃப்ளோரைடு அளவு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆர்ஓ விற்க வருகிறவர் கையில் வைத்திருக்கிற டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று காட்டாது. நாக்கிலும் தெரியாது, ருசியான தண்ணீரிலும் அது இருக்கலாம். காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகி மீதியில் அளவு கூடத்தான் செய்யும். குச்சி ஃபில்டர் வடிகட்டாது. நல்ல நிலையில் உள்ள ஆர்ஓ பெருமளவு குறைக்கும், ஆனால் அதற்கும் மெம்பிரேன் மாற்ற வேண்டும், கழிவுத் தண்ணீர் போகும், கரண்ட் இல்லாவிட்டால் வேலை செய்யாது. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர், சோறு வடிக்க போர் தண்ணீர் என்று பிரித்தால் பாதி வேலைதான் நடக்கும். கஞ்சிக்கும் பருப்புக்கும் பால்பவுடருக்கும் அதே நல்ல தண்ணீர் வேண்டும். தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவு, அது ஒரு நிம்மதி.

ஆய்வகம் போகுமுன் இலவசமாக ஒரு சோதனை இருக்கிறது. சாயங்காலம் அந்தத் தெருவில் விளையாடுகிற எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிரிக்கும்போது முன்பற்களைக் கவனியுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கறை இருந்தால் அந்தத் தெருத் தண்ணீரின் கதை தெரிந்துவிடும். புது லேஅவுட்டில் அந்த வயதுப் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள், பக்கத்துப் பழைய ஊருக்கு நடந்து போய்ப் பாருங்கள். அப்புறம், தலைப்பிரசவத்துக்குப் போகிற அம்மா வீடு பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போர் தண்ணீர் குடிக்கிற ஊரில் இருந்தால் அந்தத் தண்ணீரையும் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை.

ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை

இரண்டு வீட்டிலிருந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் ஒருமுறை போய்ப் பாருங்கள், தூரத்தைவிட வழியைக் கவனியுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, லேஅவுட் மண்சாலையில் மழைக்குப் பிறகு ஆட்டோ வருமா, ரயில்வே கேட் குறுக்கே இருக்கிறதா, 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்காகக் கடக்க வேண்டுமா? சேலம்–பெங்களூரு லாரிகள் போகிற அந்தச் சாலையில் சர்வீஸ் ரோடு இல்லாத இடத்தில், எதிர்த் திசையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நம்மில் நிறைய பேர். பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அது நடக்காது. பாலமோ சுரங்கப்பாதையோ எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள்.

தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-லிருந்து இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். எனவே பிரசவச் சிக்கல் என்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டிய அவசியம் முன்பைவிடக் குறைவு. ஆனால் பிரசவம் ஒருநாள், காய்ச்சல் மாதாமாதம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் திறந்திருக்கிற மருந்துக்கடை எங்கே, குழந்தை டாக்டர் எங்கே என்று கேட்டு வையுங்கள். உங்கள் பகுதிக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையம், செவிலியர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) அவர்கள் மூலம்தான் கிடைக்கும், பிறப்புச் சான்றுக்கு அதைக் கேட்பார்கள்; தடுப்பூசியும் அங்கேதான். நகராட்சி எல்லை ஓரத்து லேஅவுட்டுகளில் "நீங்க எங்க ஏரியா இல்லீங்க" என்று இரண்டு பக்கமும் கைகாட்டுகிற கூத்து உண்டு.

செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி

வேலை நாளில் ஒரு பகல் நேரம், புரோக்கர் இல்லாமல், மனைவியோடு போய் இரண்டு தெருவிலும் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். இதுதான் அந்த வீட்டின் உண்மையான முகம்.

லேஅவுட்டில் நாற்பது மனை இருக்கும், ஆறு வீடு இருக்கும், அதில் நாலு வீடு பூட்டியிருக்கும். வீட்டில் வழுக்கி விழுந்தால் கூப்பிட ஆள் இல்லை. குளிக்கிற பத்து நிமிடம் குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. காலி மனைகளில் சீமைக்கருவேலம் புதர், அதில் பாம்பு, ராத்திரி நாய்க்கூட்டம். காற்றும் அமைதியும் நிஜம்தான், யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று மாதக் குழந்தையோடு தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்த அமைதியே பாரம். டவுன் தெருவில் ஒலிபெருக்கி, குக்கர் விசில், மாரியம்மன் பண்டிகை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் காதில் விழும், கூடவே "என்ன பாப்பா அழுவுது" என்று எட்டிப் பார்க்கிற ஆயாவும் இருப்பார். அந்த ஆயா சில நாள் தொல்லையாகவும் இருப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் மாமியார் கூடவே வந்து இருக்கப்போகிறார்கள் என்றால் இந்தக் கணக்கு மாறும், லேஅவுட் வீடு பரவாயில்லை. "அப்பப்போ வந்துட்டுப் போறோம்" என்றால் மாறாது. ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி மூட்டு வலியோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பாருங்கள், அந்தத் தூரம்தான் அவர்கள் எத்தனை முறை வருவார்கள் என்பதை முடிவு செய்யும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கிரானைட் குவாரியோ கிரஷரோ அருகில் இருக்கிறதா என்று அந்தப் பகல் நேரத்திலேயே தெரிந்துவிடும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், மொட்டை மாடித் தரையைப் பாருங்கள். ஞாயிறு போனால் எல்லாம் ஓய்ந்திருக்கும்.

வீட்டுக்குள்

தரையில் உட்காருங்கள், நிஜமாகவே. தவழ்கிற உயரத்திலிருந்து பார்த்தால் மூடி சரியில்லாத சம்ப், கீழே இருக்கிற பிளக் பாயிண்ட், கைப்பிடி இல்லாத மாடிப்படி எல்லாம் தெரியும். படிக் கம்பிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் தலை நுழையும், வலை அடிக்க வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரத்துக்காவது இருக்கட்டும். பளபளக்கிற டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும், முக்கியமாக பாத்ரூமில்; ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வெறுங்காலில் நடந்து பாருங்கள்.

பழைய வீட்டில் இரண்டு விஷயம். ஒன்று ஓதம். சுவரின் அடியிலிருந்து மூன்றடி வரை பெயிண்ட் பொரிந்து வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் விற்பதற்காகப் புதுப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள், அலமாரிக்குப் பின்னால் பார்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த அறையில் குழந்தைக்குச் சளி விடாது. இன்னொன்று பழைய பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்துகிற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு ஜன்னலுக்கு அடித்த எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உரிகிற பெயிண்டைக் காய்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூசி கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கெடுதல். நனைத்துச் சுரண்டி, துடைத்து, பூசி முடிக்கிற வேலை எல்லாம் கர்ப்பத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

புது வீட்டில் மேல் தளத்துச் சூடு. ஏப்ரல், மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு மேற்குப் பார்த்த பெட்ரூமில் நின்று பாருங்கள். அந்த மாதம் இல்லாவிட்டால் சுவர் எந்தத் திசை, நிழல் இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

பத்திரம்

வக்கீலிடம் கொடுக்கத்தான் போகிறீர்கள், எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

டவுன் பழைய வீட்டில் சிக்கல் வாரிசுகளிடம். அப்பா பெயரில் இருந்த வீட்டை அண்ணன் தம்பி இரண்டு பேர் விற்கிறார்கள், திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த அக்கா எங்கே? தமிழ்நாட்டில் 1989-லிருந்தே பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்துச் சட்டம் இருக்கிறது, 2005-ல் நாடு முழுக்க வந்துவிட்டது. வாரிசுச் சான்றில் இருக்கிற ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், "அக்கா ஒண்ணும் சொல்லாதுங்க" என்பது ஆவணம் இல்லை. நத்தம் நிலமா (குடியிருப்புக்கென்று ஒதுக்கிய ஊர் நிலம்), பட்டா யார் பெயரில், பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரா என்றும் பாருங்கள்.

லேஅவுட்டில் சிக்கல் அனுமதியில். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணைக் கேளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்றால் மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்தத் திட்டம் வந்தது, அப்படிப்பட்ட மனை என்றால் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பாருங்கள். பஞ்சமி நிலமா (தாழ்த்தப்பட்டோருக்கென்று அரசு ஒதுக்கிய நிலம்), ஓடை புறம்போக்கா என்று பார்க்க பழைய பதிவேடு வரை போகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் குறைந்தது முப்பது வருட வில்லங்கம். பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்த்துவிடலாம், பிறகு சான்று வாங்கலாம்.

பணம்

இரண்டு சம்பளத்துக்குக் கடன் வாங்காதீர்கள், ஒரு சம்பளத்துக்கு வாங்குங்கள். மகப்பேறு சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று இருந்தாலும், தனியார் பள்ளியிலும் கடையிலும் வேலை செய்கிற நிறைய பேருக்கு அது நடைமுறையில் வேலையை விடுவதாகத்தான் முடிகிறது. உதாரணத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு 25 லட்சம் கடன் என்றால் மாதம் சுமார் 21,700 ரூபாய், 32 லட்சம் என்றால் 27,800. வித்தியாசம் ஆறாயிரம். அதோடு லேஅவுட் வீடு உங்களைக் கார் வாங்க வைக்கும், பெட்ரோல் செலவைக் கூட்டும். டவுன் வீடு பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் வாங்கும். இந்த இரண்டு செலவையும் எழுதிப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி. 30 லட்சம் பத்திரத்துக்கு 2.7 லட்சம், இதற்குக் கடன் கிடைக்காது. 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை, ஆனால் 10 லட்சம் மதிப்புக்குள் இருக்கிற சொத்துக்குத்தான்.

கணவர் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், தர்மபுரியில் ரயில் இருக்கிறது, கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையமே கிடையாது, ஆனால் தூரம் கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய பாதி. எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பதும் குழந்தை வளர்க்கிற கணக்குதான்.

இனி முடிவு

மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். மாடுலர் கிச்சனுக்கு எட்டு, தண்ணீருக்கு மூன்று என்று கூட்டினால் கிச்சன் ஜெயித்துவிடும். முதலில் கழியுங்கள். பத்திரம் சரியில்லாத வீடு போகட்டும், பேரமே வேண்டாம். ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் இணைப்பும் இல்லை என்றால், ஆர்ஓவையும் கேன் தண்ணீரையும் பத்து வருடம் விடாமல் நடத்த முடியுமா என்று உங்களையே கேட்டு, தயங்கினால் அதுவும் போகட்டும். ஒரு சம்பளத்தில் ஈஎம்ஐ மூச்சு முட்டினால் அதுவும்.

இரண்டும் மிஞ்சி நின்றால் என் ஓட்டு டவுன் பழைய வீட்டுக்கு. சின்னதாக இருந்தாலும் முதல் ஐந்து வருடத்துக்கு ஆள் அரவமும் ஆஸ்பத்திரியும் குழாய்த் தண்ணீரும் பெரிது. ஆனால் வீட்டில் இருக்கப்போகிறவர் மறுத்தால் அவர் சொல்வதுதான் முடிவு, அதற்குக் காரணம்கூட அவர் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுமே கழிந்துவிட்டால் நல்ல தண்ணீர் வருகிற தெருவில் வாடகைக்குப் போங்கள். குழந்தை வீடு பார்த்துவிட்டுப் பிறக்கப்போவதில்லை.

முடிவானதும் டோக்கன் அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். கிரைய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். அதில் காலக்கெடு, எல்லா வாரிசுகளின் கையெழுத்து, குழாய் இணைப்பையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றித் தர வேண்டியது, வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் திரும்ப வரவேண்டும் என்பது எல்லாம் இருக்கட்டும். ஆடி வருகிறது என்றால் பெரியவர்கள் நகர விடமாட்டார்கள், மார்கழியும் அப்படித்தான். அதற்கு முன்னால் பால் காய்ச்சுகிற மாதிரி தேதி பாருங்கள். சுரண்டல், பூச்சு, பெயிண்ட் எல்லாம் முடிந்து இரண்டு மூன்று வாரம் ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு, தொட்டியையும் சம்ப்பையும் கழுவி, குழாய்த் தண்ணீரை இன்னொரு முறை சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் குடிபோங்கள்.